45 மணி நேரமா, 106 மணி நேரமா? ஜப்பானின் அதிவேலைச் சாவுகள்

2002 பிப்ரவரி 9, அதிகாலை நான்கு மணியைத் தாண்டியிருந்தது. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள டொயோட்டா கார் ஆலையில், ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த 30 வயதுத் தரக்கட்டுப்பாட்டு ஊழியர் ஒருவர் அங்கேயே சரிந்து விழுந்தார். பிழைக்கவில்லை. வீட்டில் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும்.

வேலைப்பளுவால் நேர்ந்த சாவு இது, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டில் இழப்பீடு கொடுங்கள் என்று மனைவி விண்ணப்பித்தார். தொழிலாளர் ஆய்வு அலுவலகம் மறுத்துவிட்டது. கடைசி ஒரு மாதத்தில் அவர் பார்த்த ஓவர்டைம் ஏறத்தாழ 45 மணி நேரம்தான், அது சாவுக்குக் காரணமாகும் அளவு இல்லை என்பது அலுவலகத்தின் கணக்கு. வழக்கு நகோயா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 2007 நவம்பரில் வந்த தீர்ப்பில் அதே மாதத்தின் ஓவர்டைம் 106 மணி நேரத்துக்கு மேல் என்று ஆனது. ஆள் ஒருவர்தான், மாதமும் ஒன்றுதான். அறுபது மணி நேரம் எங்கே போயிருந்தது?

தரவட்டக் கூட்டங்கள் (தரத்தை உயர்த்த ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கூடிப் பேசுவது), மேம்பாட்டு யோசனைகள் எழுதிக் கொடுக்கும் திட்டம், அதற்கான ஆயத்தங்கள். டொயோட்டாவின் பெயரை உலகெங்கும் மேலாண்மைப் பாடமாக ஆக்கிய அதே நடைமுறைகள். இவற்றையெல்லாம் ஊழியர்கள் தாமாக முன்வந்து செய்வதாகவே காகிதத்தில் இருந்தது. ஆகவே அந்த நேரம் வேலை நேரத்தில் சேரவில்லை. நிறுவனத்தின் தொழிலுக்கு நேரடியாகப் பயன்படும் எதுவும் வேலைதான் என்று நீதிமன்றம் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. 2008-ல் டொயோட்டா தரவட்ட நேரம் முழுவதற்கும் ஓவர்டைம் கூலி தருவதாக அறிவித்தது. அதற்கு முன்பு மாதம் இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே கூலி.

ஒரு நாடு தன் மக்களின் உடல்நலத்தை எப்படிக் காக்கிறது என்று பார்க்க மருத்துவமனைகளை எண்ணுவோம், சராசரி ஆயுளைப் பார்ப்போம். ஜப்பான் இந்தத் தேர்வுகளில் எல்லாம் பெரும்பாலும் முதல் வரிசை. ஆனாலும் வேலையால் சாகும் சாவுக்கு, கரோஷி என்று, தனிப்பெயர் வைக்க நேர்ந்த நாடும் அதுதான். இந்த முரணுக்கு அடியில் கிடப்பது மேலே சொன்ன கணக்குத்தான் என்பது என் எண்ணம்: எந்த மணி நேரம் வேலை, எது வேலை இல்லை, அதை யார் தீர்மானிப்பது.

மருத்துவம் எதைச் சாதித்தது

1961-லிருந்து ஜப்பானில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. கம்பெனி ஊழியருக்கு ஒரு திட்டம், சுயதொழில் செய்பவருக்கும் விவசாயிக்கும் வேறொரு திட்டம். எதில் இருந்தாலும் எந்த மருத்துவமனைக்கும் போகலாம். உழைக்கும் வயதில் இருப்பவர் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம் கட்டினால் போதும், அதுவும் ஒரு மாதத்தில் வருமானத்துக்கு ஏற்ற ஒரு வரம்பைத் தாண்டினால் மீதியைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அரசு நிர்ணயிக்கிறது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. ஒரே ஸ்கேனுக்கு மூன்று மருத்துவமனையில் மூன்று விலை கேட்டுப் பழகிய நமக்கு இது பொறாமையாகத்தான் இருக்கும்.

விளைவும் கண்கூடு. 1951 முதல் 1980 வரை ஜப்பானியரின் சாவுக்கு முதல் காரணம் பக்கவாதம். உப்பில் ஊறிய காய்கறி, உப்பு மீன், மிசோ எனும் சோயா விழுது என்று உப்பிலேயே ஓடிய சமையல், வடக்குப் பகுதிகளில் குளிர். ஊர் ஊராக ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரை கொடுத்து, அரை நூற்றாண்டுக்குள் பக்கவாதச் சாவு விகிதத்தைப் பெருமளவு கீழே இறக்கினார்கள். 2023 கணக்குப்படி பெண்களின் சராசரி ஆயுள் 87.14, ஆண்களுக்கு 81.09.

கிழவர்களின் மூளைக் குழாய்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இளைஞர்களின் மூளைக் குழாய் வெடிக்கும் செய்திகளும் வரத் தொடங்கின. 1969-ல் ஒரு பெரிய செய்தித்தாள் நிறுவனத்தின் அனுப்புகைப் பிரிவில் இருந்த 29 வயதுக்காரர் பக்கவாதத்தில் இறந்தார். பதிவான முதல் நிகழ்வாக இதைத்தான் சொல்வார்கள். 1970களின் இறுதியில் டெட்சுனோஜோ உவேஹாத்தா போன்ற மருத்துவர்கள் இத்தகைய சாவுகளைத் தொகுத்துப் பேசத் தொடங்கினார்கள். 1988-ல் வழக்கறிஞர்கள் சேர்ந்து ஒரு தொலைபேசி ஆலோசனை எண்ணைத் திறந்தார்கள். அழைத்தவர்களில் பெரும்பாலோர் மனைவிகள். கணவர் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தார், எப்போது திரும்பிப் போனார் என்று தெரிந்த ஒரே சாட்சி அவர்கள்தான்.

80 என்ற எண் வந்த வழி

ஜப்பானியச் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் தொழிற்சங்கத்துடனோ ஊழியர் பிரதிநிதியுடனோ ஒப்பந்தம் எழுத வேண்டும். சட்டத்தின் 36-ஆம் பிரிவு இது, ஆகவே பேச்சுவழக்கில் இதற்கு 'முப்பத்தாறு ஒப்பந்தம்' என்றே பெயர். இதில் சிறப்பு நிபந்தனை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் 2019 வரை மேல்வரம்பு என்று எதுவும் இல்லை.

இழப்பீட்டுக்கான அளவுகோல் வெகுகாலம் கஞ்சத்தனமாகவே இருந்தது. சாவதற்குச் சற்று முன்பு அசாதாரணமாக ஏதாவது நடந்ததா என்று பார்ப்பார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். 2001-ல்தான் அது மாறியது. மூளை ரத்தக்குழாய் நோயோ இதய நோயோ வருவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேர ஓவர்டைம், அல்லது இரண்டிலிருந்து ஆறு மாதங்களில் சராசரியாக மாதம் 80 மணி நேரம் இருந்தால், வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு வலுவானது என்று எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் எல்லோரும் 'கரோஷி கோடு' என்பது இதைத்தான்.

இந்த 80 எங்கிருந்து வந்தது? தூக்கத்திலிருந்து. நிபுணர் குழு ஒரு சராசரி ஊழியரின் 24 மணி நேரத்தைக் கூறுபோட்டது. இடைவேளையோடு சேர்த்து வேலை 9 மணி நேரம். சாப்பாடு, குளியல், ரயில் பயணம் என்று ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மிஞ்சுவது பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால், மாதத்துக்கு 80 ஆகும், தூங்க ஆறு மணி நேரம்கூடச் சரியாகக் கிடைக்காது. ஐந்து மணி நேரம் பார்த்தால் மாதம் 100, தூக்கம் ஐந்து மணி நேரம். இவ்வளவு குறைவாக மாதக்கணக்கில் தூங்குகிறவருக்கு இரவில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்குவதில்லை, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது என்ற மருத்துவ ஆய்வுகளை வைத்து அந்தக் கோட்டைப் போட்டார்கள். அரசு விதியில் இருந்தாலும் இது உடற்கூறு சொல்லும் எண்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, நம் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது, போருக்குப் பின் ஜப்பானும் ஜெர்மனியும் செய்தது இதுதான் என்று சொன்னார். ஜப்பானியக் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். வாரம் 70 என்றால் 40-க்கு மேல் 30. மாதத்துக்கு ஏறக்குறைய 129 மணி நேர ஓவர்டைம். அவர் முன்னுதாரணமாகக் காட்டிய நாட்டில் அப்படி உழைத்து ஒருவர் மாரடைப்பில் இறந்தால், அந்த நாட்டு அரசே அது வேலையால் வந்த சாவு என்று எழுதிக் கொடுக்கக்கூடிய அளவு அது.

ஜப்பானுக்கு வெளியிலும் ஆய்வுகள் இதே திசையைத்தான் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். நீண்ட வேலை நேரத்தால் 2016-ல் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் இறந்ததாக அந்த மதிப்பீடு சொல்கிறது.

ஒரே நிறுவனம், இரண்டு சாவுகள்

டென்ட்சு ஜப்பானின் மிகப் பெரிய விளம்பர நிறுவனம். 1991 ஆகஸ்டில், சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகாத 24 வயது இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். விடிய விடிய வேலை, விடிந்ததும் மறுபடி அலுவலகம். மேலாளர் காலணியில் பீரை ஊற்றிக் குடிக்கச் சொன்னதும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1996-ல் ஜெயித்தார்கள். உயர் நீதிமன்றமோ இழப்பீட்டில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டது. பையனின் பொறுப்புணர்வு மிகுந்த சுபாவமும் ஒரு காரணமாம், கூடவே இருந்த பெற்றோரும் கவனித்திருக்க வேண்டுமாம். நேர்மையாக உழைத்ததற்கு அபராதம் போட்டதைப் போன்ற இந்தக் கழிவை 2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. ஊழியரின் உடலும் மனமும் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று அது சொன்னதுதான் பிற்பாடு வந்த எல்லா வழக்குகளுக்கும் அடித்தளம். கடைசியில் நிறுவனம் சுமார் 16.8 கோடி யென் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

2015 கிறிஸ்துமஸ் அன்று அதே நிறுவனத்தில் இன்னொரு 24 வயதுக்காரர், அந்த ஆண்டு ஏப்ரலில் சேர்ந்த பெண், உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கே கணக்கு விளையாடிய விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் ஒப்பந்தப்படி மாத ஓவர்டைம் வரம்பு 70 மணி நேரம். அவர் தன் கையால் பதிந்திருந்தது 69.9. அடுத்த மாதம் 69.5. யாருடைய உழைப்பும் இவ்வளவு நயமாக வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்காது. கட்டடத்தின் நுழைவாயிலில் அட்டை தேய்த்த பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது நேரம் அந்த வரம்பைத் தாண்டி எங்கோ போயிருந்தது. 2016 செப்டம்பரில் தொழிலாளர் ஆய்வு அலுவலகம் ஒரு மாதத்தில் 105 மணி நேரம் என்று ஏற்று, வேலையால் வந்த சாவு என்று அங்கீகரித்தது.

கரோஷி வழக்கறிஞர்களின் வேலையே இதுதான். கம்பெனிப் பதிவேட்டை நம்புவதில்லை. ரயில் அட்டையின் பயணப் பதிவு, கணினியை அணைத்த நேரம், கடைசி மின்னஞ்சல் போன நேரம், 'இப்போதுதான் கிளம்புகிறேன்' என்று வீட்டுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி. இவற்றைக் கோத்து ஒரு மனிதரின் கடைசி ஆறு மாதத்தை மணி மணியாகத் திரும்பக் கட்டுவார்கள்.

டென்ட்சு இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கத் தொடங்கியது. எடுத்த காரியத்தைச் செத்தாலும் விடாதே என்ற பொருளில் 1951 முதல் ஊழியர்களுக்கு ஊட்டிவந்த பத்து விதிகளைக் கையேட்டிலிருந்து எடுத்தது. தலைவர் பதவி விலகினார். 2017-ல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் ஐந்து லட்சம் யென். அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய்க்குக்கூட எட்டாது.

அதே 2017 பிப்ரவரியில் அரசும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து, மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று ஓர் இயக்கம் நடத்தின. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில்! அது என்ன ஆகியிருக்கும் என்று அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவரே நோயாளியானால்

ஜப்பானில் வேலை நேரத்தைக் கண்காணிப்பதும் மருத்துவமனைகளை நடத்தும் கொள்கையை வகுப்பதும் ஒரே அமைச்சகம். 2001-ல் சுகாதார அமைச்சகத்தையும் தொழிலாளர் அமைச்சகத்தையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். ஒரு கை கரோஷி கோட்டை வரைகிறது, மறு கை அந்தக் கோட்டைத் தாண்டாமல் நடக்கவே முடியாத மருத்துவமனைகளை வைத்திருக்கிறது.

மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் மருத்துவத்தின் மறுபக்கம் இது. ஜப்பானியர் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து முறைக்கு மேல் டாக்டரிடம் போகிறார்கள். ஆனால் ஆயிரம் பேருக்கு டாக்டர்கள் 2.6 அளவில்தான், பணக்கார நாடுகளின் சராசரி 3.7. 'மூன்று மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிட வைத்தியம்' என்பது அங்கே எல்லோர் வாயிலும் வரும் சொலவடை. அந்த மூன்று நிமிடங்களை நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு, அவசரத்துக்கென மருத்துவமனையிலேயே தங்கி இரவுக் காவலும் இருந்துவிட்டு, விடிந்ததும் அறுவைசிகிச்சைக்கு நிற்பவர் ஒருவர் இருக்கிறார். 2019-ல் அமைச்சகம் எடுத்த கணக்கில் மருத்துவமனை டாக்டர்களில் பத்துக்கு நான்கு பேர் ஆண்டுக்கு 960 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்த்தார்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 80.

2001-ல் ஒசாகா பக்கம், இதய, மூளை ரத்தக்குழாய் நோய்களுக்கென்றே இருக்கும் தேசிய மருத்துவமனையில் வேலை பார்த்த 25 வயது நர்ஸ் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அந்த நோய்க்கு நாட்டிலேயே மேலான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் ஒன்று அது. அவருடைய ஓவர்டைம் 80-ஐ எட்டவில்லை என்று இழப்பீடு மறுக்கப்பட்டது. பகல், மாலை, இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்ததையும், இடையில் தூங்க நேரம் இல்லாததையும் பார்த்து 2008-ல் ஒசாகா நீதிமன்றம்தான் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மணி நேர எண்ணிக்கையோடு இத்தகைய காரணிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அரசு விதி தெளிவாகச் சொல்ல 2021 ஆனது.

2022 மே மாதம் கோபே நகரில் 26 வயதுப் பயிற்சி மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். முந்தைய ஒரு மாதத்தில் 207 மணி நேர ஓவர்டைம், சுமார் நூறு நாள் விடுப்பே இல்லை என்று ஆய்வு அலுவலகம் கண்டது. மருத்துவமனையின் வாதம் என்ன தெரியுமா? அதில் பெரும்பகுதி வேலை இல்லை, அவராக விரும்பிப் படித்த நேரம். ஆலையில் தரவட்டம், ஆஸ்பத்திரியில் சுயகல்வி. இருபது ஆண்டுகளில் மாறியது பெயர் மட்டும்தான்.

2018-ல் நிறைவேறிய வேலைமுறைச் சீர்திருத்தச் சட்டம் முதன்முறையாக ஓவர்டைமுக்குத் தண்டனையோடு கூடிய வரம்பு வைத்தது. சாதாரணமாக மாதம் 45 மணி நேரம், ஆண்டுக்கு 360. அவசரம் என்றால் ஆண்டுக்கு 720, எந்த ஒரு மாதமும் 100-க்குள், சராசரி 80-க்குள். கரோஷி கோடே சட்ட வரம்பாகிவிட்டது என்று இறந்தவர்களின் குடும்பங்கள் வெகுண்டதில் நியாயம் உண்டு. டாக்டர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் 2024 ஏப்ரல் வரை அந்த வரம்பும் கிடையாது. அதன் பிறகும் டாக்டருக்குப் பொது வரம்பு ஆண்டுக்கு 960. அவசர சிகிச்சை, கிராமப்புறம், பயிற்சி என்றால் 1,860 வரை போகலாம். மாதம் 155.

வரம்பு வரும் தேதி நெருங்கியபோது, இரவுக் காவல் நேரத்தை வேலை நேரத்தில் சேர்க்காமலிருக்க அனுமதி கேட்டு மருத்துவமனைகள் வரிசைகட்டின. முன்பு ஆண்டுக்கு ஓரிரு நூறாக இருந்த அனுமதிகள் ஆயிரக்கணக்கில் கொடுக்கப்பட்டன.

செலவு யார் தலையில்

வேலையால் வந்த நோய் என்று அங்கீகரித்தால் இழப்பீட்டுப் பணம் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டிலிருந்து வரும். அதன் சந்தா முழுவதும் முதலாளியுடையது. அங்கீகாரம் கிடைக்காவிட்டால் அதே மாரடைப்பு சாதாரண மாரடைப்பு. செலவு பொது மருத்துவக் காப்பீட்டின் தலையில், மீதி 30 சதவீதம் குடும்பத்தின் தலையில். கணக்கில் வராத ஒவ்வொரு மணி நேரமும் இப்படி நிறுவனத்தின் ஏட்டிலிருந்து நாட்டின் ஏட்டுக்கு மாறுகிறது. நல்ல பொது மருத்துவம் இருக்கும் நாட்டில் இந்த மாற்றம் சத்தமே இல்லாமல் நடக்கும், ஏனென்றால் சிகிச்சை கிடைத்துவிடுகிறது.

ஆண்டுக்கொரு உடல் பரிசோதனை முழுநேர ஊழியர் எல்லோருக்கும் கட்டாயம். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் 2015 டிசம்பரிலிருந்து மன அழுத்தச் சோதனையும் உண்டு. மாத ஓவர்டைம் 80-ஐத் தாண்டியவர் விண்ணப்பித்தால் மருத்துவர் நேரில் பார்த்துப் பேச வேண்டும். விண்ணப்பித்தால். பதிவேட்டில் 69.9 என்று எழுதியவர் எதைச் சொல்லி விண்ணப்பிப்பார்?

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2010 நிதியாண்டில் வேலையால் வந்தவை என அங்கீகரிக்கப்பட்ட மூளை, இதய நோய்கள் 285, மனநோய்கள் 308. முதன்முறையாக மனம் உடலை முந்திய ஆண்டு அது. 2023-ல் அவை 216-ம் 883-ம். 2024-ல் மனநோய் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, முக்கியக் காரணம் மேலதிகாரிகளின் கொடுமை. ஓவர்டைமை அதிகாரபூர்வமாகக் குறைத்தார்கள், வேலையைக் குறைக்கவில்லை. குறுகிய நேரத்தில் அதே வேலையை முடிக்கச் சொல்லும் அழுத்தம் மணி நேரக் கணக்கில் தெரியாது.

ஜப்பானியரின் ஆண்டுச் சராசரி வேலை நேரம் 1,600 அளவுக்கு இறங்கிவிட்டது, அமெரிக்கரைவிடக் குறைவு என்று சிலர் காட்டுவார்கள். அந்தச் சராசரியில் பகுதிநேர ஊழியர்கள், பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும், கலந்திருக்கிறார்கள். வாரம் இருபது மணி நேரம் கடையில் நிற்கும் பாட்டியையும் அறுபது மணி நேரம் அலுவலகத்தில் இருக்கும் பேரனையும் கூட்டி இரண்டால் வகுத்தால் குடும்பம் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

2025 அக்டோபர் 4 அன்று ஆளும் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சனாயே தகாய்ச்சி, வேலை-வாழ்க்கைச் சமநிலை என்ற சொல்லையே தான் விட்டுவிடுவதாகவும், உழைப்பேன் என்று ஐந்து முறை அடுக்கியும் பேசினார். கரோஷியில் பிள்ளைகளை இழந்தவர்கள் கண்டித்தார்கள். பிரதமரானதும் அவர் தொழிலாளர் துறையையும் சுகாதாரத்தையும் சேர்த்துக் கவனிக்கும் அந்த அமைச்சருக்கு இட்ட பணிகளில், வேலை நேர வரம்புகளைத் தளர்த்துவதைப் பரிசீலிப்பதும் ஒன்று. உடல்நலம் கெடாமல், ஊழியரின் விருப்பத்தோடு என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார். தரவட்டக் கூட்டத்துக்குப் போனவரும் விருப்பத்தோடுதான் போனார் என்றே அன்றும் காகிதத்தில் இருந்தது.